ஓசைக்கு முன் உயரும் கை

மனித குலத்துக்கு ஒரு முக்கியமான செய்தி. முடிந்தவர்கள் எழுந்து நின்று வாசிக்கவும்.

குரங்கிலிருந்து பிரிந்து, நிமிர்ந்து நடந்து, நெருப்பைக் கண்டுபிடித்து, அதன்பின் நீண்டகாலம் தன் உடம்பில் பெரிய மாற்றம் எதுவும் செய்துகொள்ளாமல் காலம் தள்ளிய மனித இனம் இப்போது அடுத்த படியில் கால் வைத்திருக்கிறது. கால் வைத்த இடம், வெள்ளோடைப்பட்டி நகராட்சி, பேருந்து நிலையத்துக்குப் பின்புறம். அந்த ஊர்ப் பிள்ளைகள், ஓர் ஓசை எழுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுகிறார்கள். கருவிகளால் அளந்து உறுதி செய்தாயிற்று. மனித வருங்கால ஆய்வுக் கழகம் இதைத் தடித்த காகிதத்தில் அச்சடித்து, பொன்னிற முத்திரை குத்தி, எல்லா நாடுகளுக்கும் அனுப்பிவைத்தது.

செய்தி வெளியான நேரத்தில், அந்தப் புதிய மனித இனத்தின் தலைசிறந்த பிரதிநிதியான எட்டு வயது சன்மதி, தன் அப்பாவின் கடையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அப்பா பூபதிராஜா லாரிகளுக்கு ஏர் ஹாரன் மாட்டுகிறவர்.

இந்த இடத்தில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. அரசுகளுக்கும் சில நாள் கை தவறும். பிள்ளைகளுக்கு நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, ஓடி விளையாடும்போதே ஆண்டுக்கொரு முறை தலை முதல் கால் வரை பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்து, ஊருக்கொரு பெட்டியை வைத்தது. பிள்ளை உள்ளே போய் நின்றால் போதும். மூச்சைக் கேட்கும், கண்ணைப் பார்க்கும், காதில் ஓசை விடும், முழங்காலைத் தட்டும், கனிவான பெண்குரலில் நாலு கேள்வி கேட்கும். அதன் பெயர் ‘ஒருங்கிணைந்த இளஞ்சிறார் முழுநல மதிப்பீட்டு மாடம்’. ஊரார் ‘பொட்டி’ என்றார்கள்.

எது குறைகிறதோ அதற்கு இலவச வைத்தியம். இதுதான் திட்டம். அருமையான திட்டம். திட்டம் போட்டவர்கள் ஒரே ஒரு தவறு செய்தார்கள். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள்.

நம் ஜனங்களிடம் பஞ்சத்தைக் கொடுக்கலாம், வெள்ளத்தைக் கொடுக்கலாம், சமாளித்துவிடுவார்கள். மார்க்கை மட்டும் கொடுக்கக் கூடாது. முதல் ஆண்டிலேயே பக்கத்து வீட்டுப் பையன் தொண்ணூற்றாறு, நம் பையன் தொண்ணூற்று நாலு என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அந்த இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று அப்பா கேட்டார். ‘ரத்தசோகைங்கப்பா’ என்றான் பையன். ‘அவனுக்கு இல்லாத ரத்தசோகை உனக்கு மட்டும் எங்கிருந்துடா வந்துது?’ என்று விழுந்தது அடி. இரண்டாம் ஆண்டில் நல்ல பள்ளிக்கூடங்கள் நூறுக்குக் கீழே சேர்க்கை இல்லை என்றன. மூன்றாம் ஆண்டில் தனபால் வந்தார்.

சென்டம் தனபால் முன்பு வேறு பல தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர். அவருடைய ‘உடல்நலத் தேர்வுப் பயிற்சி மைய’த்தின் வாசலில், கைகட்டி நிற்கும் பிள்ளைகளின் படங்களோடு ஒரு பெரிய பேனர் எப்போதும் தொங்கும். ‘கல்லீரலில் முழு மதிப்பெண்! நுரையீரலில் மாவட்ட முதலிடம்!’

வகுப்பு இப்படி நடக்கும்.

“கண்ணு, பொட்டி உன்னைய ‘இந்த வாரம் அழுதியா’ன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“ஒருக்கா அழுதேன்னு சொல்லுவேனுங்க சார்.”

“எதுக்கு?”

“சைக்கிள்ல இருந்து உழுந்துட்டேனுங்க சார்.”

“அழுவவே இல்லைன்னு சொன்னா?”

“சந்தேகப்படுமுங்க சார். ரெண்டு தடவைன்னு சொன்னா அரை மார்க் போயிருமுங்க சார்.”

“தங்கம்!”

கண் பரிசோதனைக்கு எழுத்து வரிசை மனப்பாடம். முழங்காலுக்குத் தனி டிரில். காதுக்குத்தான் தனபால் தன் மேதைமையைக் காட்டியிருந்தார். பெட்டி இரண்டு காதிலும் மாற்றி மாற்றி மெல்லிய ஓசைகளை விடும். கேட்ட பக்கத்துக் கையைத் தூக்க வேண்டும். அந்த ஓசைகள் வரும் வரிசை மாறுவதே இல்லை என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். இடது, இடது, விடு, வலது, விடு, இடது என்று அதை ஒரு தாளமாக்கி, செருப்புக்குள் கால் கட்டைவிரலால் எண்ணச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் காதை நம்பவில்லை, கட்டைவிரலை நம்பினார்கள். கட்டைவிரல் ஓசைக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டது.

மனித இனம் அடுத்த படிக்கு ஏறியது இப்படித்தான்.

இப்போது கடைக்கு வருவோம். ஒரு லாரி டிரைவர் புதிதாக மாட்டிய ஹாரனை அடித்துப் பார்த்தார். லாரி நின்றது சன்மதிக்கு இடப்பக்கம். முறுக்கும் கையுமாக இருந்தவள் திடுக்கிட்டு வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவரும் ஒரு காலண்டரும்தான் இருந்தன.

பூபதிக்கு வேடிக்கையாக இருந்தது. டிரைவரை இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். மறுபடியும் காலண்டரைத்தான் பார்த்தாள். அப்புறம் வேறு லாரி, வேறு ஹாரன். எந்தப் பக்கம் அடித்தாலும் பிள்ளை வலப்பக்கமே திரும்பியது. வேடிக்கை போய்விட்டது.

இரவு சாப்பாட்டின்போது மனைவியிடம் ஆரம்பித்தார். கிருத்திகா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

“ஏம் புள்ள, பாப்பாவுக்கு எடது காது மந்தமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.”

“ஏனுங்க, வாயக் கழுவுங்க. காதுல போன வருசமும் முழு மார்க், அதுக்கு முந்தியும் முழு மார்க். பொட்டிக்குத் தெரியாதது உங்க ஹாரனுக்குத் தெரிஞ்சிருச்சாக்கு?”

“கூப்புட்டா திரும்ப மாட்டேங்கறாளே.”

“நீங்க கூப்புட்டா நானுந்தான் திரும்பறதில்லை. எனக்கும் மந்தமா?”

பூபதி ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

“அதில்லடி. காதுகிட்ட ஒரு வாடை வருது.”

“வெயில்ல ஆடிட்டு வந்தா வாடை வராம மல்லிகைப்பூ வாசமா வரும்? குளிக்க ஊத்தறேன், உடுங்க.”

மறுநாள் பூபதி கடையைச் சாத்திவிட்டுப் பெட்டி இருக்கும் கட்டடத்துக்குப் போனார். அங்கே டாக்டர் ஃபர்ஹானா பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து வருஷம் படித்துவிட்டு வந்தவருக்கு இங்கே இரண்டு வேலை. காலையில் துடைப்பது, மாலையில் கையெழுத்துப் போடுவது.

“வாங்கண்ணா. வாழ்த்துகள். உங்க பொண்ணு புது மனித இனமாமே.”

“அதைக் கேக்கத்தானுங்க வந்தேன். இந்தப் பொட்டி பொய் சொல்லுமுங்களா?”

“சொல்லாது. பாவம், அதுக்கு அவ்வளவு விவரம் பத்தாது.” டாக்டர் துணியைக் கீழே வைத்தார். “நல்லா இருக்கிற பிள்ளை எப்படி இருக்கும்னு அது ஊர்ப் பிள்ளைங்களைப் பார்த்துத்தான் கத்துக்குது. நம்ம ஊர்ல அது பார்த்த பிள்ளைங்க எல்லாம் தனபால் சார் பிள்ளைங்க. போன மாசம் டியூஷன் போகாத ஒரு பையன் வந்தான். ஓசை வந்த பிறகு கை தூக்கினான். பெட்டி அவனுக்கு நரம்புக் கோளாறுன்னு எழுதிடுச்சு.”

“அட கெரகமே!”

“நடுவுல அதுக்கே ஒரு குழப்பம். ‘இந்த ஊர்ப் பிள்ளைகள் ஓசைக்கு முன்பே கை தூக்குகிறார்கள், காரணம் என்ன?’ன்னு எங்கிட்ட கேட்டுச்சு. நான் ‘டியூஷன்’னு பதில் போட்டேன். அப்படி ஒரு உடல் உறுப்பு அதோட பட்டியல்ல இல்லை. மேல அனுப்பிடுச்சு. மேல இருக்கிறவங்க இன்னும் பெரிய படிப்பு படிச்சவங்க. அவங்க பரிணாமம்னு முடிவு பண்ணிட்டாங்க.”

“சரிங்க, என்ற பொண்ணு எப்படி எல்லாத்தையும் உட முந்துறா?”

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மத்த பிள்ளைங்க எண்ணிக்கிட்டிருக்கும்போது காதுல நிஜ ஓசை விழுது. அது கணக்கைக் கொஞ்சம் கலைக்கும். உங்க பொண்ணுக்கு இடது பக்கம் கலையறதே இல்லைண்ணா. அதுதான் எனக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.”

பூபதி வாடையைப் பற்றிச் சொன்னார். டாக்டர் எழுந்துவிட்டார்.

“எத்தனை நாளா?”

“மாரியம்மன் நோம்பிக்கு முந்தியிருந்தே வருதுங்க.”

“இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. செவிப்பறைக்குப் பின்னாடி சில பிள்ளைங்களுக்குத் தோல் வளர்ந்து கூடு கட்டும். உள்ள இருக்கிற குட்டி குட்டி எலும்பை அரிச்சுத் தின்னும். வலிக்காது. அதுதான் பெரிய வம்பு. சின்னதா இருக்கும்போது எடுத்துட்டா காதைக் காப்பாத்திடலாம். விட்டுட்டா காதோட நிக்காது, மூளை வரைக்கும் போகும்.”

பூபதி வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் அவருக்கு முன்பே ஒரு அரசு கார் நின்றது. உள்ளே தனபாலும், ஆய்வுக் கழகத்தின் பேராசிரியர் சந்திரமௌலீசனும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் எதையும் உட்கார்ந்து சொல்கிறவர் அல்ல. பூபதியைப் பார்த்ததும் எழுந்தார்.

“தந்தையே! தங்கள் மகள் இனி தங்களுக்கு மட்டும் சொந்தமானவள் அல்லள். ஆய்வு முடியும்வரை அவளது செவியை எந்த மருத்துவரும் தொடலாகாது. ஒரு துளி மருந்து பட்டாலும் கோடி ஆண்டுப் பரிணாமம் பாழாகிவிடும்.”

“ஆய்வு எப்பங்க முடியும்?”

“அறிவியலுக்கு அவசரம் கிடையாது. இரண்டு ஆண்டுகள்.”

“டாக்டரம்மா இன்னிக்கே பாக்கோணும்னு சொல்றாங்க.”

தனபால் குறுக்கே வந்தார். “பூபதி, ஞாயித்துக்கெழமை கல்யாண மண்டபத்துல விழா. வெளிநாட்டுக்காரனெல்லாம் வாரான். இப்பப் போயி காதுல கொறைன்னு கெளப்பி உட்டீன்னா உன்ற பொண்ணு மார்க் மட்டுமில்ல, ஊர்ப் பிள்ளைக அத்தனை பேர் மார்க்கும் போச்சு. ரோசனை பண்ணிக்க.”

கிருத்திகா பேராசிரியரைப் பார்த்தாள், தனபாலைப் பார்த்தாள், பொன்னிற முத்திரையைப் பார்த்தாள். “விழா முடியட்டுமுங்க,” என்றாள் கணவனிடம். “அப்புறம் பாத்துக்கலாம்.”

அன்று மாலை பூபதி மகளைக் கடைக்குக் கூட்டிப்போய் எதிரே உட்காரவைத்துக்கொண்டார்.

“சாமி, பொட்டிக்குள்ள எடது பக்கம் சத்தம் வருதல்ல, அது எப்படி இருக்கும்?”

சன்மதி சிரித்தாள். “எடது பக்கம் எங்கப்பா சத்தம் வரும்? வலது பக்கம்தான் வரும். எடது பக்கத்துக்கு எண்ணித்தான் தூக்கோணும்.”

“மத்த பிள்ளைகளுக்கு?”

“அவியளும் எண்ணித்தானப்பா தூக்கறாங்க.” பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “ஏப்பா, அந்தப் பக்கம் எல்லாத்துக்கும் கேக்குமா?”

பூபதி எழுந்து போய் ஒரு ஹாரனை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. தாலி கட்டும் மேடையில் பெட்டியை ஏற்றி, அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். பெட்டியின் ஒலிகளை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் இணைத்திருந்தார்கள். பிள்ளைகள் காதில் கருவிகளோடு வரிசையாக நின்றார்கள், நடுவில் பட்டுப்பாவாடையில் சன்மதி. முன்வரிசையில் கிருத்திகா. பேராசிரியர் பேசத் தொடங்கி, குரங்கிலிருந்து நெருப்புக்கு வருவதற்குள் வெளிநாட்டு விருந்தினர் இருவர் தூங்கிவிட்டார்கள்.

சோதனை ஆரம்பித்தது. ஓசை எழுமுன் கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளுக்கும் முன்னால் சன்மதியின் இடக்கை. மண்டபம் அதிரக் கைதட்டல்.

டாக்டர் ஃபர்ஹானா மேடை ஓரத்திலிருந்து கையை உயர்த்தினார். “ஐயா, ஒரு சின்ன ஆசை. பெட்டியை ஒரு தடவை ஓசையே இல்லாம ஓட்டிப் பார்க்கலாமா?”

பேராசிரியர் புன்னகைத்தார். “பார்க்கலாமே. குழந்தைகள் சும்மா நிற்பார்கள். அதுவும் நிரூபணம்தான்.”

பெட்டியை ஊமையாக்கி ஓட்டினார்கள். மண்டபத்தில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. பிள்ளைகள் இடது, இடது, விடு, வலது என்று ஒரு கை பிசகாமல் முழுச் சோதனையையும் முடித்துவிட்டு நின்றார்கள்.

மேடையிலிருந்து நழுவுவதற்கு எந்தப் படி பக்கம் என்று தனபால் பார்த்துவைத்தார். டாக்டர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியரின் முகத்தில் வியர்வை பூத்தது. மைக்கைப் பிடித்தார்.

“அன்பர்களே! இவர்கள் எழுப்பப்படாத ஓசையையும் கேட்கிறார்கள்!”

முன்னதைவிடப் பெரிய கைதட்டல். தூங்கிய வெளிநாட்டவரும் எழுந்து தட்டினார்கள். தனபால் மறுபடியும் மேடையின் நடுவுக்கு வந்தார். டாக்டர் உட்கார்ந்துவிட்டார். சில அறிவாளிகளை எதைக்கொண்டும் நிறுத்த முடியாது.

ஆனால் ஏர் ஹாரன் வேறு வகை.

மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால், கரும்பு லாரிக்கு மாட்டும் இரட்டைக் குழல் ஹாரனையும் ஒரு காற்று சிலிண்டரையும் பூபதி காலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார். பந்தல்காரர்கள் ஏதோ மைக் சாமான் என்று விட்டுவிட்டார்கள். வால்வைத் திருகினார்.

மண்டபம் அலறியது. பேராசிரியர் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பிள்ளைகள் காதிலிருந்த கருவிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அத்தனை பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் வலப்பக்கம் திரும்பி, அங்கே யாரும் இல்லாததைக் கண்டு விழித்தாள்.

பூபதி மறுபடியும் திருகினார். மறுபடியும் அத்தனை முகங்களும் ஒரு பக்கம், அந்த ஒரு முகம் மட்டும் எதிர்ப்பக்கம்.

கிருத்திகா எழுந்தாள். செருப்பை நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டு மேடை ஏறி, மகளின் இடப்பக்கம் போய் நின்று குனிந்தாள்.

“சாமி,” என்றாள் மெதுவாக. “அம்மா வந்திருக்கறன்.”

சன்மதி வலப்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சன்மதி. அம்மாடா.”

பெட்டிக்குப் பின்னாலிருந்து பேராசிரியரின் தலை எட்டிப் பார்த்தது. “தொடாதீர்கள், அம்மா! அவளுக்கு இடவலமே மாறியிருக்கிறது! இது இன்னும் உயர்ந்த நிலை! அவள் மானுடத்தின் சொத்து!”

“நான் பெத்ததுங்க,” என்றாள் கிருத்திகா. “தள்ளுங்க அக்கட்ட.”

மணமகன் அறையில் வைத்து டாக்டர் சன்மதியின் காதுக்குள் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். மார்க் எதுவும் சொல்லவில்லை. பூபதியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஊறிய அரிசி மாதிரி வெள்ளையாக என்னவோ அடைத்திருந்தது.

அந்த வாரமே கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குள் இருக்கவேண்டிய மூன்று எலும்புகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, மூளையைத் தொடுவதற்கு மெல்லிய தடுப்பு ஒன்றுதான் பாக்கி இருந்தது. கூட்டை முழுசாக எடுத்துவிட்டார்கள். முதல் வருஷமே யாராவது விளக்கடித்துப் பார்த்திருந்தால் காதுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சர்ஜன் சொன்னார். “வருஷா வருஷம் பாத்தோமுங்க,” என்றாள் கிருத்திகா. செயற்கை எலும்பு வைத்திருக்கிறோம், கேட்கவும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம், ஆறினபிறகுதான் தெரியும் என்றார் சர்ஜன்.

வெள்ளோடைப்பட்டியில் பெட்டியைத் தற்காலிகமாகப் பூட்டினார்கள். ஃபர்ஹானா டாக்டரிடம் துடைக்கிற துணியை வாங்கிக்கொண்டு ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்தார்கள். பிள்ளைகளை அவர் வரிசையில் நிறுத்திக் கையாலும் கண்ணாலும் பார்த்தார். முதல் வாரமே மூன்று பிள்ளைகளுக்குக் கண்ணாடி, ஒரு பையனுக்கு இதயத்தில் ஓட்டை, பாதிப் பேருக்கு ரத்தசோகை. ஊர் கொந்தளித்தது. நன்றாக இருந்த ஊரை டாக்டரம்மா நோயாளி ஊராக்கிவிட்டார் என்று ஒரு மனு தயாரானது. தனபால் புதிய பேனர் கட்டினார். ‘டாக்டர் நேரில் பார்த்தாலும் நூறு!’

ஆபரேஷன் புண் ஆறியபின் பூபதியும் கிருத்திகாவும் மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் வந்தார்கள். கிருத்திகா இந்த மாதங்களில் இளைத்திருந்தாள். மகளின் இடப்பக்கமே நடக்கப் பழகியிருந்தாள்.

டாக்டர் சன்மதியை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

“இங்க பாருடா தங்கம். இது பரீட்சை இல்லை. மார்க் கிடையாது. நான் உன் இடது காதுகிட்ட விரலைத் தேய்ப்பேன். கேட்டா கேக்குதுன்னு சொல்லு. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லு. ரெண்டுல எதைச் சொன்னாலும் அம்மா திட்ட மாட்டாங்க. சரியா?”

“சரிங்க டாக்டர்.”

“திட்ட மாட்டேன் சாமி,” என்றாள் கிருத்திகா.

டாக்டர் கையை அவள் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சன்மதி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

“கேக்குதுங்க டாக்டர்!” என்றாள்.

கிருத்திகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூபதி சுவரைப் பார்த்துத் திரும்பி, மூக்கை உறிஞ்சி, பழனிக்கு மொட்டை போடுவதாக அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டார்.

டாக்டர் இன்னும் விரலைத் தேய்க்கவில்லை.